அன்புக்கும் உண்மைக்கும் ஒரே வேர்

"அவர் வேறை ஒருத்தியோட இருந்தது பெரிய துக்கம்தான் மிஸ். ஆனால் மூன்று வருசமா ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுத்து, பூசைக்குப் போனனியோ எண்டு கேட்டுக் கேட்டுப் பொய் சொன்னாரே, அதைத்தான் தாங்க ஏலாமல் இருக்கு."

கணவர் வெளிநாட்டில் உழைக்க, இரண்டு பிள்ளைகளுடன் ஊரில் தனித்திருந்த ஒரு தாய் என்னிடம் கூறிய வார்த்தைகள் இவை. ஆலோசனை தேடி வரும் பெண்கள் பணத்தைப் பற்றியோ வழக்கைப் பற்றியோ பேசத் தொடங்கினாலும், சற்று நேரத்தில் இந்த இடத்துக்கே வந்து சேர்கிறார்கள். துரோகத்தை விட, ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணமே அவர்களை அதிகம் வாட்டுகிறது. போகும்போது அந்தத் தாய் ஒரு கேள்வியும் கேட்டார். "பொறுத்துப் போறதுதான் கிறிஸ்தவம் எண்டு எல்லாரும் சொல்லுகினம். அப்பிடியே மிஸ்?"

அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலைத் தேடும் முயற்சியே.

ஆமென் என்ற சொல்

ஒவ்வொரு செபத்தின் முடிவிலும் நாம் சொல்லும் 'ஆமென்' ஓர் எபிரேயச் சொல். உறுதியானது, நம்பத்தக்கது என்பது அதன் வேரின் பொருள். அதே வேரிலிருந்துதான் உண்மை என்பதற்கும், பிரமாணிக்கம் என்பதற்கும் உரிய எபிரேயச் சொற்கள் பிறக்கின்றன. அதாவது விவிலியத்தின் மொழியில் உண்மை பேசுவதும், வாக்கு மாறாமல் இருப்பதும் வெவ்வேறு குணங்கள் அல்ல. சாய்ந்தால் தாங்கும் தூணைப் போன்றவரே அங்கே உண்மையுள்ளவர்.

இந்தப் பிரமாணிக்கத்துக்கு விவிலியம் தரும் மிக அழகிய உதாரணம் கணவன் மனைவி பற்றியதன்று. கணவனை இழந்த மோவாபியப் பெண் ரூத், தன் மாமியார் நகோமியைத் தனியே விட்டுச் செல்ல மறுத்து அவரோடு பெத்லகேமுக்கு வருகிறாள். எந்தச் சட்டமும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. 'திரும்பிப் போ' என்று மாமியாரே சொல்லியும் அவள் போகவில்லை. மனித மனம் ஏங்குவது இத்தகைய அன்புக்காகவே.

யாரிடம் கேட்கப்படுகிறது?

ஆனால் நமது சமூகத்தில் பிரமாணிக்கம் பெரும்பாலும் பெண்ணிடம் மட்டுமே எதிர்பார்க்கப்படுகிறது. இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவிடம் கொண்டுவந்த சம்பவத்தை யோவான் நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். லேவியர் நூலின் 20ஆம் அதிகாரம் ஆண், பெண் இருவருக்கும் ஒரே தண்டனையையே விதிக்கிறது. அப்படியிருக்க, அந்த ஆண் எங்கே? அவனை யாரும் இழுத்து வரவில்லை. இயேசு அப்பெண்ணைக் கண்டனம் செய்யவில்லை. இனிப் பாவம் செய்யாதே என்று சொல்லவும் தவறவில்லை. ஆனால் முதலில் தங்களைத் தாங்களே பார்க்க வைத்தது, கல்லோடு நின்ற ஆண்களைத்தான்.

மத்தேயு 19ஆம் அதிகாரத்தில் மணவிலக்குப் பற்றிய கேள்வியை எழுப்புபவர்களும் ஆண்களே. விலக்குச் சீட்டு எழுதும் உரிமை அன்று ஆணின் கையில் இருந்தது. விரும்பியபோது மனைவியைத் தள்ளிவிடலாம் என்ற நிலையை இயேசு ஏற்கவில்லை. இந்தப் பின்னணியை மறந்துவிட்டு, அதே வசனத்தைக் கைவிடப்பட்ட பெண்ணின் வாயை அடைக்கப் பயன்படுத்துவது நியாயமாகாது.

மன்னிப்பு வேறு, நம்பிக்கை வேறு

மன்னிக்கும்படி கிறிஸ்தவம் கேட்கிறது என்பது உண்மை. ஆனால் மன்னிப்பு என்பது ஒன்றும் நடக்காதது போல் நடிப்பதல்ல. மன்னிப்பைக் கொடுப்பது ஒருவர்; நம்பிக்கையைத் திரும்பக் கட்டுவதற்கு இருவர் வேண்டும். வரி அறவிடும் சக்கேயு மனம் மாறியபோது, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக எல்லோர் முன்னிலையிலும் சொன்னான். மனமாற்றம் கண்ணீரோடு நின்றுவிடவில்லை, கணக்கையும் ஒப்புவித்தது.

கத்தோலிக்கத் திருமணம் பிரிக்க முடியாதது. ஆயினும், மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ கடுமையான ஆபத்து விளைவிக்கும் துணையிடமிருந்து பிரிந்து வாழ 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இடமளிக்கிறது. சில வேளைகளில் பிரிவு ஒழுக்க ரீதியாகவே அவசியமாகலாம் எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்பம் பற்றி வெளியிட்ட மடலில் ஏற்றுக்கொண்டார். நாட்டுச் சட்டத்திலும் வழி உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், உடல் வதைக்கு மட்டுமன்றிப் பாரதூரமான மன வதைக்கும் எதிராக நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம்.

தாலிக்கு முன்னரே

கோவிலில் திருமண அறிவித்தலை மூன்று முறை வாசிக்கும் முறையைத் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் விதித்தது. மறைவான திருமணங்களைத் தடுப்பதும், தடைகள் இருந்தால் வெளியே வரச் செய்வதும் அதன் நோக்கம். திருமணச் சம்மதத்தைப் பெறுவதற்காக, இல்லறத்தையே குலைக்கக்கூடிய ஒரு விடயத்தில் வேண்டுமென்றே ஏமாற்றினால் அத்திருமணம் செல்லாது என்றும் 1983ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நாமோ சீதனத்தைத் துருவித் துருவிப் பேசுகிறோம். முந்திய திருமணம், கடன், நோய், வெளிநாட்டில் உள்ள வதிவிட நிலை பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறோம். கேட்பது சந்தேகமல்ல சகோதரிகளே, அது பொறுப்பு. நம் பக்கத்து உண்மையையும் மறைக்காமல் சொல்வது அதே பொறுப்பின் மறுபாதி.

அந்தத் தாயை அண்மையில் சந்தித்தேன். கணவர் திரும்பி வர விரும்புவதாக அறிவித்திருக்கிறாராம். "வாறதுக்கு முன்னம் எல்லாத்தையும் உள்ளபடி எழுதி அனுப்பச் சொன்னனான் மிஸ். மன்னிக்கிறதெண்டால் எதை மன்னிக்கிறன் எண்டு எனக்குத் தெரிய வேணும்" என்றார்.

நான் சொல்லத் தவறிய பதிலை அவரே கண்டுபிடித்திருந்தார்.