மடிக்காமல் வெட்டிய சிறகு

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் கத்தரிக்கோலைக் கொடுக்கும் முன் நாலு தடவை சொல்லிவிடுவேன்: "மடிச்ச பக்கத்தைக் கையில பிடிச்சுக்கணும். திறந்த பக்கத்தைத்தான் வெட்டணும்." சொல்லி வாயை மூடுவதற்குள் யாராவது ஒருவர் மடிப்போடு சேர்த்து வெட்டியிருப்பார்கள். ஒரு பட்டாம்பூச்சி வர வேண்டிய இடத்தில் ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு பாதிகள் கையில் வரும். கூடவே அழுகையும் வரும்.

மற்றபடி இதைப் போலச் சுலபமான கைவேலை கிடையாது. வெள்ளைத்தாளை நடுவில் மடித்து, மடிப்பை ஒட்டிப் பாதிச் சிறகை வரைந்து வெட்டி விரித்தால் முழுப்பூச்சி. ஒரு பக்கம் மட்டும் வாட்டர் கலரைச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஈரம் காய்வதற்குள் மறுபடி மடித்து உள்ளங்கையால் ஓர் அழுத்து. பிரிக்கும்போது மறுபக்கத்திலும் அதே பூ, அதே புள்ளி. ஒவ்வொரு வருடமும் அந்த நொடியில் வகுப்பு வாயைப் பிளக்கும். உண்மையைச் சொன்னால் நானும்தான். உடம்புக்கு ஐஸ் குச்சி, உணர்கொம்புக்கு இரண்டு தென்னை ஈர்க்கு. ஈர்க்கு நுனியில் மிளகளவு களிமண் உருட்டி வைக்கச் சொல்வேன். பட்டாம்பூச்சியின் கொம்பு நுனியில் தடித்திருக்கும். நாலு கால் வரைந்தவர்கள் இன்னும் இரண்டு சேர்க்க வேண்டும். நிறத்தில் மட்டும் நான் தலையிடுவதில்லை.

போன வருடம் மடிப்பை வெட்டிய பையன் அழவில்லை. இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தனித்தனியே வண்ணம் தீட்ட ஆரம்பித்தான். இடப்பக்கம் ஐந்து புள்ளி, வலப்பக்கம் ஆறு. அழித்து ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று பெரிதாகிவிட்டது. அரைமணி நேரம் போராடிவிட்டு என்னிடம் வந்து கேட்டான்: "டீச்சர், நெஜப் பட்டாம்பூச்சியை யாரு மடிச்சு அமுக்குறாங்க?"

யாரும் மடிப்பதில்லை. அதுதான் அதிசயம். அவன் வெட்டியது போலத்தான், இரண்டு பாதியாகத்தான், அதுவும் உருவாகிறது.

இலையைத் தின்றுகொண்டிருக்கும் புழுவின் தோலுக்கடியிலேயே வருங்காலச் சிறகுகளின் முளைகள் இருக்கின்றன. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, அடுக்கு மடிப்பாகச் சுருண்ட சின்னஞ்சிறு திசுக்கள். இடது வலதைத் தொடுவதில்லை. வலது இடதைப் பார்த்து எழுதுவதில்லை. நடுவே ஓர் உடம்பே குறுக்கே கிடக்கிறது. பரீட்சையில் தள்ளித் தள்ளி உட்கார வைத்த இரண்டு பிள்ளைகள் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒரே விடையை எழுதியது போல, கூட்டைவிட்டு வரும்போது இரண்டும் பொருந்துகின்றன. ஒரே குறிப்பை இருபுறமும் உள்ள ஒவ்வொரு செல்லும் தன்னிடமே வைத்திருக்கிறது என்று அறிவியல் சொல்கிறது. காரணம் தெரிந்த பிறகு வியப்புக் குறைந்துவிடும் என்பார்கள். எனக்குக் கூடத்தான் செய்தது. அந்தக் குறிப்பை எழுதியவனை நினைத்துக் கும்பிடத் தோன்றியது.

அந்த இரண்டு பாதிகளும் தனித்தனி வேலை என்பதற்கு அபூர்வமாக ஒரு சாட்சி கிடைக்கும். ஒருபக்கச் சிறகு ஆணின் நிறத்திலும், மறுபக்கம் பெண்ணின் நிறத்திலும் அமைந்து, நேர்கோடு கிழித்தது போல உடம்பு இரண்டாகப் பிரிந்த பட்டாம்பூச்சிகள் உண்டு. பூச்சிகளில் ஆணா பெண்ணா என்பதைப் பெரும்பாலும் ஒவ்வொரு செல்லும் தன்னளவில் தீர்மானிப்பதால் வருவது இது. திருச்செங்கோட்டு மலைமேல் நிற்கும் அர்த்தநாரீஸ்வரர்தான் எனக்கு ஞாபகம் வருகிறார்.

வண்ணம் தீட்டும் விதம் அதைவிட நுட்பம். பட்டாம்பூச்சியைப் பிடித்த விரலில் ஒட்டும் தூளை மகரந்தம் என்றே பல நாள் நினைத்திருந்தேன். அவை செதில்கள். ஓட்டுக்கூரையில் ஓடு அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒவ்வொன்றின் நீளமும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஒரு செதிலை உண்டாக்குவது ஒரே ஒரு செல். ஒரு செதிலுக்குப் பெரும்பாலும் ஒரே நிறம். தூரத்திலிருந்து நாம் பார்க்கும் கண்ணும் வளையமும் கரையும் எல்லாம் இப்படிப் புள்ளி புள்ளியாக வைத்த கோலம். உதிர்ந்தால் திரும்ப முளைக்காது. ஆகவே, "பிடிக்காதே, பார்" என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

நீலக் கிரேயான்தான் எங்கள் வகுப்பில் முதலில் தீரும். படைத்தவனுக்கு அந்தக் கவலை இல்லை. பல பட்டாம்பூச்சிகளின் நீலத்தில் நீலச் சாயமே கிடையாது. தென் அமெரிக்கக் காடுகளின் மார்ஃபோ என்ற பட்டாம்பூச்சி வானத்தைக் கத்தரித்து ஒட்டியது போல மின்னும். அந்தச் செதிலை அரைத்தால் மிஞ்சுவது பழுப்புத் தூள். செதிலுக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது நீலம் மட்டும் பலமாக எழுகிறது. சாயமே இல்லாத சோப்புக் குமிழியில் வண்ணம் ஓடுவதும் இந்த வழியில்தான்.

நம் மாநிலத்துக்கும் ஒரு பட்டாம்பூச்சி உண்டு. 2019-ல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள். ஆரஞ்சு நிறம், ஓரத்தில் கறுப்புக் கரை. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழ்வது. அதன் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஆனால் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டுவது பள்ளிக் குழாயடிக் கறிவேப்பிலைச் செடிதான்.

அந்தச் செடியில் காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தது. ஈர்க்கால் தொட்டதும் நகர்ந்தது. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம்புழு. தின்ன வரும் பறவை எச்சமென்று விலகிப் போகட்டும் என்ற வேடம். வளர்ந்தபின் தோலுரித்துப் பச்சையானது. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல ஒன்றை நீட்டி நாற்றம் விடும். கொப்போடு ஒரு கண்ணாடி ஜாடியில் வைத்து, அடியில் தினத்தாள் விரித்து, வாயில் துணி கட்டினோம். தினம் புது இலை. ஒருநாள் தின்பதை நிறுத்தி, குச்சியில் வாலை ஊன்றி, இடுப்பில் பட்டு நூலால் ஒரு கச்சை கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவானது. பனையேறி மரத்தில் சாய்ந்து நிற்பது போலவே இருந்தது.

ஒரு காலை, பிரேயர் முடிந்து வரும்போது கூடு வெடித்திருந்தது. வெளியே வந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. சிறகென்று சொல்ல இரண்டு பக்கமும் கசங்கிய ஈரத் துணித்துண்டுகள்தான். "கெட்டுப் போச்சா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. பொறுத்திருக்கச் சொன்னேன். அது குச்சியில் ஏறித் தொங்கியது. உடம்பின் நீரை நரம்புகளில் ஏற்ற ஏற்ற, கசங்கல் தானாக நீவிக்கொண்டது. நாம் கசக்கிய தாளை எத்தனை தேய்த்தாலும் கோடு போகாது. இதில் ஒரு மடிப்பு மிச்சமில்லை. கறுப்பில் இளமஞ்சள் திட்டுகள், பின்சிறகின் உள்மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு. இடையிடையே தேனுறிஞ்சும் குழலைச் சுருட்டியும் நீட்டியும் பார்த்தது. பிறக்கும்போது அந்தக் குழலும் இரண்டு பாதிதான். அவற்றைத் தானே பொருத்தி ஒன்றாக்கிக்கொள்கிறது.

கணக்குப் பாடம் அன்று நடக்கவில்லை. சிறகு காய்ந்ததும் துணியை அவிழ்த்தேன். அது ஜன்னல் கம்பியில் சற்று உட்கார்ந்து, வேப்பமரத்தைத் தாண்டிப் போனது.

மடிப்பை வெட்டிய பையன் மட்டும் ஜாடியைவிட்டு நகரவில்லை. அடித்தாளில் பழுப்பேறிய துளி ஒன்று சிந்திக் கிடந்தது. கூட்டுக்குள் இருந்த நாளெல்லாம் சேர்ந்து, வெளிவந்ததும் விட்ட கழிவு அது. அவன் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"மிச்சப் பெயிண்ட் டீச்சர்," என்றான்.

நான் திருத்தவில்லை.