தண்டைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்: கரிசல் காட்டு வண்டிகளும் சட்டப் பொறுப்பும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலைகள் பலவும் குடியிருப்புகளை விட்டு விலகிக் கரிசல் காட்டுக்குள் இருப்பதால், அங்கு செல்லும் வண்டிகள் மழை பெய்தால் சேறாகும் மண்பாதையிலும் கண்மாய்க் கரைச் சரிவிலும் ஓடி, அங்கேயே நின்று சரக்கு ஏற்ற வேண்டியுள்ளது. சக்கரத்தோடு இணைந்த ஹேண்ட் பிரேக்கில் சேறு புகுந்து, கேபிள் இறுகிப் பிடிப்புக் குறையும்போது, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டாகிய புரொப்பெல்லர் ஷாஃப்டையே பிடித்து நிறுத்தும் பிரேக் ஒன்றைப் பட்டறையில் செய்து மாட்டிக்கொள்ளும் வழக்கம், கரடுமுரடான நிலத்தில் வண்டி ஓட்டுவோரிடையே பல நாடுகளில் உண்டு. இதன் நன்மையை மட்டும் கேட்டு முடிவெடுக்கும் உரிமையாளர், வண்டிக்குப் பின்னால் நின்று பெட்டி இறக்கும் தொழிலாளியின் உயிரும் அந்த முடிவில் அடங்கியிருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த அமைப்பு புதிதன்று. பழைய மஹிந்திரா ஜீப்புகளில், வில்லிஸ் ஜீப்பின் வழியில், சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்தளிக்கும் டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம் இத்தகைய பிரேக்கே இருந்தது. ஷாஃப்ட் ஆறு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் வண்டியில், சக்கரத்தைப் பிடிக்க வேண்டிய முறுக்குவிசையில் ஆறில் ஒரு பங்கே ஷாஃப்டைப் பிடிக்கப் போதுமாகையால், சிறிய பிரேக் பெரிய வண்டியை நிறுத்திவிடும். ஆனால் தயாரிப்பாளர் அந்தப் பிரேக்கை வைக்கும்போது ஷாஃப்ட், அதன் கிராஸ் மூட்டு, ஆக்சில் ஆகிய அனைத்தையும் அந்தச் சுமைக்கேற்பக் கணக்கிட்டுச் சோதித்திருப்பார். பட்டறையில் இந்தப் பிரேக்கைத் தாங்க வெட்டி வெல்டிங் வைத்த தாங்குதகட்டுக்கு அப்படியொரு சோதனை நடப்பதில்லை. 18 சதவீதச் சரிவில், அதாவது நூறு மீட்டருக்குப் பதினெட்டு மீட்டர் உயரும் சரிவில், முழுச் சுமையோடு வண்டி அசையாமல் நிற்க வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் 13ஆம் எண் பிரேக் விதியின் அளவுகோல். 16 டன் லாரி ஒன்றை அச்சரிவு ஏறத்தாழ 2,800 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கீழே இழுக்கும்.

உரிமையாளர்கள் அதிகம் அறியாத ஆபத்து பஞ்சர் ஒட்டும் நேரத்தில் வருகிறது. பின் அச்சிலுள்ள டிஃபரென்ஷியல், வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் பல்சக்கரத் தொகுதியாகும். ஷாஃப்ட் பூட்டப்பட்டிருந்தாலும், ஒரு பக்கச் சக்கரம் ஜாக்கியில் தூக்கப்பட்டுத் தரையை விட்டு எழுந்தவுடன், அது ஒரு திசையிலும் தரையில் நிற்கும் சக்கரம் எதிர்த்திசையிலும் தாராளமாகச் சுழலும். அதனால் ஹேண்ட் பிரேக் முழுவதும் போட்டிருந்தும் வண்டி உருண்டு ஜாக்கியிலிருந்து விழும். ஷாஃப்டோ கிராஸோ ஆக்சிலோ முறிந்தாலும் பிடிப்பு முற்றிலும் போய்விடும். கியர்பாக்ஸ் சீலிலிருந்து கசியும் எண்ணெய் லைனிங்கில் படிந்தாலும் அதே கதிதான். சக்கரப் பிரேக்கின் எண்ணெய் அழுத்தத்தை வால்வால் பூட்டி வைக்கும் கருவியை ஹேண்ட் பிரேக்காகப் பயன்படுத்துவது இதைவிட மோசமானது. எண்ணெய் குளிர்ந்தாலோ சிறிது கசிந்தாலோ, ஆளில்லாத நேரத்தில் பூட்டு தானே தளர்ந்துவிடும். எவ்வகைப் பிரேக் இருந்தாலும் டயருக்கு இருபுறமும் கட்டை வைக்கும் கிளீனரின் பழக்கமே இவை எல்லாவற்றுக்கும் மேலான காப்பு. அவசரத்தில் தவிர்க்கப்படுவதும் அதுவே.

பட்டாசு வட்டாரத்தில் வெப்பமும் கவலைக்குரியது. ஷாஃப்ட் சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழல்வதால், விடுவிக்க மறந்த அல்லது உரசிக்கொண்டே ஓடும் ஷாஃப்ட் பிரேக் விரைவில் கடுஞ்சூடாகும். அந்தப் பிரேக் இருப்பதோ சரக்குப் பெட்டிக்கு நேர் கீழே. 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் வண்டியில் பட்டாசு கையாளப்பட்டபோது பற்றிய தீயின் புகை அருகிலிருந்த ஸ்கேன் மையத்தில் நிறைந்து, எட்டுப் பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். அந்தத் தீக்குக் காரணம் பிரேக் அன்று. எனினும் சரக்கு ஏற்றும் இடத்தில் நேரும் ஒரு பிழை அருகில் இருப்போரையும் கொல்லும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஹேண்ட் பிரேக் உறுதியாகப் போடப்படாமல் அபாயகரமான சரக்கை ஏற்றவோ இறக்கவோ கூடாது என்று அமெரிக்கக் கூட்டாட்சி விதி வெளிப்படையாகக் கூறுகிறது.

இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. ஆர்.சி. எனப்படும் அந்தப் பதிவுச் சான்றில் ஹேண்ட் பிரேக் குறிப்பிடப்படவில்லையே என்ற வாதம் அதிக தூரம் செல்லாது. 2019 திருத்தம் சேர்த்த 182ஏ பிரிவு, அனுமதியின்றி உதிரிபாகம் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கிறது. இருக்கையில் உரிமம் பெற்ற ஓட்டுநர் இல்லாதபோது எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டு, வண்டி தற்செயலாக நகராதபடி செய்வதை 126ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று பெறும் நாளில் பழைய பிரேக்கை மாட்டிக் காட்டிவிட்டு மறுநாள் கழற்றுவோர், விபத்துக்குப் பின் நடக்கும் மோட்டார் வாகன ஆய்வில் அகப்படுவர். ஆகவே மாற்றம் தேவையெனக் கருதுவோர் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்கு அசல் கேபிளையும் லைனிங்கையும் புதுப்பிப்பதே போதுமானது.

நகர்ந்த வண்டியால் காயமுற்றவருக்கோ இறந்தவரின் குடும்பத்துக்கோ வழிகள் உண்டு. நின்றிருந்த வண்டி என்பதால் மோட்டார் விபத்து வழக்கு தொடர முடியாது என்று சொல்லப்படுவதை நம்பக் கூடாது. கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் வெடித்த வழக்கில், ஓடாத நிலையும் வாகனப் பயன்பாட்டுக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்துள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு அளிக்க ஆறு மாதக் கெடுவை 2019 திருத்தம் வைத்திருப்பதால் தாமதிக்கக் கூடாது. யாருடைய தவறு என்று நிறுவாமலே 164ஆம் பிரிவின் கீழ் இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கோரலாம். வேலையின்போது அடிபட்ட லோடுமேன், தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டத்தின் கீழும் கோரலாம். ஆனால் 167ஆம் பிரிவின்படி இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க முடியும்.

உரிமையாளரின் நிலை வேறு. தன் வண்டியின் சேதத்துக்கு அவர் கேட்கும் தொகையை, அறிவிக்காத மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம். அம்மறுப்பு நியாயமற்றதென்று கருதினால் நிறுவனத்திடம் முறையிட்ட பின், ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனை அணுகலாம். பிரேக்கைக் குறையாகப் பொருத்திய பட்டறை மீது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் அளிக்கலாம். வணிக நோக்கில் சேவை பெற்றவர் நுகர்வோர் ஆகார் என்ற தடை, தன் பிழைப்புக்காகச் சொந்த லாரியைத் தானே ஓட்டுபவருக்குப் பொருந்தாது என்று வாதிடலாம். இவ்வழக்குகளில் பட்டறையின் பில்லும் முறிந்த பாகமும் முதன்மைச் சான்றுகளாதலால், விபத்துக்குப் பின் அந்தத் தாங்குதகட்டையும் போல்ட்டுகளையும் பழைய இரும்புக் கடையில் போடாமல், காவல்துறையும் வாகன ஆய்வாளரும் பார்க்கும் வரை வண்டியிலேயே இருக்க விட வேண்டும்.