எல்லை மலைகள் ஏன் அதிர்கின்றன?

2011-இன் பிற்பாதியில் இடுக்கி மலைகள் பலமுறை இலேசாக அதிர்ந்தன. முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய அச்சமும் தகராறும் வளர, ஏலத் தோட்டத் தமிழர் பலர் அந்த டிசம்பரில் தேனிப் பக்கம் இறங்கிச் சென்றனர்.

நண்பர்களே, நிலநடுக்கம் பெரும்பாலும் புவித்தட்டுகளின் விளிம்பில் நேர்வது. நம் இந்தியத் தட்டின் வட விளிம்போ தொலைவில், இமயத்தில். அங்கே ஆசியாவோடு மோதுவதால் எழும் நெருக்கம் பாறை வழியே தெற்கேயும் பரவுகிறது. பழைய பிளவுகள்தாம் முதலில் நழுவுகின்றன. பாலக்காட்டுக் கணவாயும் அத்தகைய தொன்மையான பிளவு மண்டலத்தில் இருக்கிறது. அதனருகே, கோயம்புத்தூர்ப் பக்கம், 1900-இல் 6 அளவை ஒட்டிய நடுக்கம் நேர்ந்தது.

சிற்றதிர்வுகள் நெருக்கத்தைத் தீர்த்துவிடும் என்பார் உண்டு. கணக்கு இடங்கொடுக்கவில்லை: 6 அளவு நடுக்கம் ஒன்றின் ஆற்றலுக்கு ஈடாக 4 அளவு நடுக்கங்கள் ஆயிரம் வேண்டும்.