கிட் களஞ்சியப் பழுது

கிட் களஞ்சியப் பழுது என்பது, கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் சேமித்து வைத்துள்ள மாற்ற வரலாற்றின் ஒரு பகுதி படிக்க முடியாமற் போவதாகும். கிட் மென்பொருளை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கினார்.

சரிபார்க்கும் முறை

கிட், தான் சேமிக்கும் ஒவ்வொரு பொருளின் உள்ளடக்கத்திலிருந்தும் எஸ்எச்ஏ-1 முறையில் 40 இலக்கக் குறியீடு ஒன்றைக் கணக்கிட்டு, அதையே அப்பொருளுக்குப் பெயராக இடுகிறது. மதிப்பெண் ஒன்றைத் திருத்தினால் பட்டியலின் அடியில் உள்ள கூட்டுத்தொகை ஒத்துப்போகாததைப் போல, உள்ளடக்கம் சிதைந்தால் பெயர் பொருந்தாது. 'கிட் எஃப்எஸ்சிகே' என்னும் கட்டளை இதைச் சோதிக்கிறது. எது கெட்டது என்று அது காட்டும். ஏன் கெட்டது என்பதை அடையாளங்களைக் கொண்டே அறிய வேண்டும்.

காரணங்களும் அடையாளங்களும்

- மின்தடை: அண்மையில் எழுதப்பட்ட பொருள்கள் மட்டும் 0 பைட் அளவில் இருக்கும். கோப்பின் பெயர் வட்டில் பதிந்து, உள்ளடக்கம் பதியுமுன் கணினி அணைந்ததே காரணம்.
- வட்டுப் பழுது: பழைய பொருள்களும் கெட்டிருக்கும். எத்தனை முறை சோதித்தாலும் பெரும்பாலும் அதே பொருள்களே பிழை காட்டும்.
- நினைவகப் பழுது: ஒவ்வொரு சோதனையிலும் வெவ்வேறு பொருள்கள் பிழை காட்டக்கூடும்.
- ஒத்திசைவுச் செயலிகள்: டிராப்பாக்ஸ் போன்றவற்றில் களஞ்சியத்தை வைத்து இருவர் பயன்படுத்தினால், முரண்பட்ட நகல் என்னும் பெயருடைய கோப்புகள் உள்ளே தோன்றும்.

காரணம் தெரியாமல் பழுது நீக்கினால் அது மீண்டும் வரும். எதையும் தொடுமுன் கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டுக்கு நகலெடுக்க வேண்டும்.

கேடிஈ நிகழ்வு, 2013

கேடிஈ திட்டத்தின் ஏறத்தாழ 1,500 களஞ்சியங்களைக் கொண்ட வழங்கியில் 2013 மார்ச் 22 அன்று கோப்பு முறைமை சிதைந்திருப்பது தெரியவந்தது. களஞ்சியங்களின் பட்டியலும் சிதைந்ததால், அதில் இல்லாதவை நீக்கப்பட்டவை எனக் கொண்டு மிரர் வழங்கிகளும் அவற்றை அழித்தன. வேறொரு வழங்கியில் தப்பியிருந்த நகலால் களஞ்சியங்கள் மீட்கப்பட்டன.

தடுப்பு

மூலத்தின் பழுதையும் மிரர் அப்படியே பின்பற்றும். எனவே அது காப்புநகல் ஆகாது. ஒரே கணினியில் கோப்புறைப் பாதை கொடுத்து எடுக்கும் குளோனும் பொருள்களைச் சரிபார்ப்பதில்லை. தேதியிட்ட காப்புநகல்களைத் தனி வட்டில் வைத்து, ஒவ்வொன்றையும் 'கிட் எஃப்எஸ்சிகே' கொண்டு சோதித்த பின்னரே பழைய நகலை நீக்க வேண்டும்.