காந்தம் தேடும் புற்றுநோய் செல்

“இரத்தத்தில் இரும்பு இருக்கிறதே, காந்தத்தில் ஒட்டுமா?” காந்தவியல் பாடத்தின்போது மாணவர்கள் கேட்கும் கேள்வி இது. ஒட்டாது. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு, ஆணியில் உள்ள உலோகம் அன்று. புரதத்துடன் பிணைந்த அயனி. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் காந்தம் மிக மெல்ல விலக்கவே செய்கிறது என்பதை 1936இல் லினஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் அளந்து காட்டினர். இரத்த அணுக்கள் காந்தத்துக்கு வசப்படாதது ஒரு வகையில் நல்லதே. நாம் தேடும் செல்லுக்கு மட்டும் காந்தப் பண்பைக் கொடுத்தால், அது மட்டும் தனியே பிரிந்து வரும்.

கட்டியிலிருந்து பிரியும் புற்றுநோய் செல்கள் இரத்தத்தில் கலந்து வேறு உறுப்புகளுக்குச் செல்லக்கூடும். இறந்த நோயாளி ஒருவரின் இரத்தத்தில் அத்தகைய செல்களைக் கண்டதாக 1869இல் ஆஸ்திரேலிய மருத்துவர் தாமஸ் ஆஷ்வொர்த் எழுதினார். ஆனால் அவற்றைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்களும் பல இலட்சம் வெள்ளையணுக்களும் உள்ளன. புற்றுநோய் செல்களோ பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருக்கும்.

இங்கேதான் காந்த நானோ துகள்கள் உதவுகின்றன. இரும்பு ஆக்சைடால் ஆன இத்துகள்களின் மேல் எதிர்ப்பொருள்களைப் பூசுகிறார்கள். மார்பகம், குடல் போன்ற உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய் செல்கள் பலவற்றின் மேற்பரப்பில் ‘எப்கேம்’ என்ற புரதம் உண்டு. இரத்த அணுக்களில் பொதுவாக இல்லை. எதிர்ப்பொருள் இப்புரதத்தைப் பற்றிக்கொள்ள, செல்லின் மேல் துகள்கள் ஒட்டுகின்றன. பிறகு காந்தத்தால் அச்செல்களைப் பிரித்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். இம்முறையில் இயங்கும் ‘செல்சர்ச்’ கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004இல் அனுமதி அளித்தது.

இதை வகுப்பில் செய்து காட்டலாம். ஒரு தட்டு நிறையப் புளியங்கொட்டைகளை எடுத்து, அவற்றில் மூன்றில் மட்டும் சிறு குண்டூசியை ஒட்டுங்கள். காந்தத்தை மேலே நகர்த்தினால் அந்த மூன்றும் வரும். “இழுத்தது காந்தம், தேர்ந்தெடுத்தது எது?” என்று கேளுங்கள். ஊசி ஒட்டிய கையின் வேலையைத்தான் அங்கே எதிர்ப்பொருள் செய்கிறது என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இனி ஓர் எச்சரிக்கை. செல்சர்ச் ஆரோக்கியமானவருக்குப் புற்றுநோய் உண்டா என்று அறியும் சோதனை அன்று. நோய் பரவிய நிலையில் உள்ளவர்களின் நோய்ப்போக்கைக் கணிக்கவே அது பயன்படுகிறது. பரவிய மார்பகப் புற்றுநோயில் 7.5 மில்லிலிட்டர் இரத்தத்தில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட செல்கள் இருந்தால், நோய் வேகமாக முற்றும் வாய்ப்பு அதிகம் என்று கருதப்படுகிறது. எப்கேம் புரதத்தை இழந்த செல்கள் இதில் சிக்காமலும் போகலாம்.

‘ஒரு சொட்டு இரத்தத்தில் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம்’ என்னும் செய்திகள் கைபேசிகளில் வலம் வருகின்றன. வீட்டில் நோயாளி உள்ள மாணவர் அதை நம்பி வந்து நம்மிடம் கேட்கக்கூடும். எந்தச் சோதனை, யாருக்காக, எதை அளக்கிறது என்ற மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம். மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண் போன்றவை இருந்தால் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வோம்.