கிளிமீன் அரைத்த கடற்கரை

மாலத்தீவில் ஆறு கிடையாது, மலையும் கிடையாது. சுமார் 1,190 பவளத் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் மிக உயரமான இயற்கை மேடே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2.4 மீட்டர்தான். தமிழ்நாட்டுக் கடற்கரை மணல் மலைப்பாறை உடைந்து, ஆற்றோடு உருண்டு வந்து சேர்ந்த குவார்ட்ஸ். மாலத்தீவுக்கு அப்படி எதையும் அனுப்பிவைக்க ஆளில்லை. அங்கே ஒவ்வொரு மணல் துகளும் தீவைச் சுற்றியுள்ள கடலிலேயே உண்டாக வேண்டும். அந்த வேலையில் பெரும்பங்கைச் செய்வது ஒரு மீனின் வாயும் குடலும்.

முதல் விடுதி 1972இல் திறந்ததிலிருந்து அந்த நாடு விற்றுவருவது இந்த மணலைத்தான். பணி ஓய்வு பெற்றதும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு நாலு நாள் போய்வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு: மணல் ஏன் இவ்வளவு வெள்ளை? உச்சி வெயிலிலும் ஏன் கால் பொசுக்குவதில்லை? இரண்டாவதற்கு விடை சுலபம். வெள்ளை மணல் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நுண்துளைகள் உள்ள துகள்கள் என்பதால் சூடும் மெதுவாகவே ஏறுகிறது. முதல் கேள்விக்கு, மணல் முழுக்கக் கால்சியம் கார்பனேட் என்பது பாதி விடை. அங்கேயே ஒரு சிட்டிகை மணலில் எலுமிச்சைச் சாறு பிழிந்து பார்க்கலாம், நுரைத்துப் பொங்கும். மெரினா மணலில் சிப்பித் தூள் கலந்த இடம் தவிர வேறெங்கும் அது நடக்காது. (சோதனையை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. மணலையும் பவளத்தையும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக மாலத்தீவில் தடை உண்டு.)

மீதிப் பாதி விடை கிளிமீன். உலகில் ஏறத்தாழ நூறு வகைகள் உள்ளன. பச்சை, நீலம், ரோஜா என்று மேனியெல்லாம் நிறம். முகத்தில் கிளி மூக்கு. ஸ்னார்க்கெல் கண்ணாடி மாட்டிக்கொண்டு பவளப்பாறைமேல் மிதப்பவர்கள் இதைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள். கறுக், கறுக் என்று கல்லைக் கடிக்கும் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். கொஞ்ச நேரம் பின்தொடர்ந்தால், மீன் பாறையை விட்டு விலகி வால்புறத்திலிருந்து வெள்ளைத் தூளை மேகமாக அவிழ்த்துவிட்டுப் போவதையும் காணலாம். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தத் தூள் அடியில் படிந்தால் அதன் பெயர் மணல்.

மூக்குபோலத் தெரிவது உண்மையில் பற்கள். வரிசை வரிசையாக ஒட்டி இறுகிய சிறு பற்கள் அலகாகியிருக்கின்றன. செங்குத்துத் தலைக் கிளிமீன் ஒன்றின் அலகை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எக்ஸ்கதிர் கொண்டு ஆராய்ந்தவர்கள், 15 வரிசைகளில் ஏறத்தாழ ஆயிரம் பற்கள் இருப்பதாக 2017இல் எழுதினார்கள். பல்லின் பொருள் ஃபுளூரோஅபடைட் என்ற கனிமம். அதன் படிக இழைகள் பாய் முடைந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டுக் கிடக்கின்றன. நுனியை நெருங்க நெருங்க இழை மெலிகிறது, கடினம் கூடுகிறது. நுனியின் கடினம் சதுர அங்குலத்துக்கு 530 டன் என்று அளந்தார்கள். உடனே அதை 88 ஆப்பிரிக்க யானைகளின் எடை என்று விளக்கிய செய்தி உலகைச் சுற்றிவந்தது. ஒரு சதுர அங்குல இடத்தில் 88 யானைகளை நிறுத்திப் பார்த்தவர் யாருமில்லை என்பதால், பவளக் கல்லைவிடப் பல் கடினமானது என்று சொன்னாலே போதும்.

ஆனால் அலகு வெறும் உளிதான். அரைவை நடப்பது உள்ளே, தொண்டையில். அங்கே கிளிமீனுக்கு இரண்டாவதாக ஒரு தாடை இருக்கிறது. கீழே குழிந்த ஓர் எலும்புத் தகடு, அதன்மேல் புடைத்த இரண்டு எலும்புகள், எல்லாவற்றிலும் நெருக்கமாகப் பற்கள். கடித்த கல் இவற்றுக்கிடையே போய், முன்னும் பின்னும் உரசலில் பொடியாகிறது. இது அப்படியே அம்மியும் குழவியும்தான். அம்மியில் அரைப்பவர் நடுநடுவே தண்ணீர் தெளிப்பார். மீன் தன் தொண்டைச் சளியைச் சேர்த்துக்கொள்கிறது. குழவியை ஒரே திசையில் அழுத்தித் தள்ளி, இழுக்கும்போது லேசாக விடுவார்கள். மீனின் தசைகளும் பாரத்தை அரைக்கும் நேரத்தில்தான் கொடுக்கின்றன.

அம்மிக்கு ஒரு தொல்லை உண்டு: அரைக்க அரைக்க வழவழப்பாகிவிடும். அதற்காகத்தான் அம்மி கொத்துகிறவர் உளியும் சுத்தியுமாகத் தெருவில் வந்தார். கிளிமீன் அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை; அவருடைய வேலையைப் பல்லின் அமைப்பிலேயே முடித்துவைத்திருக்கிறது. ஒவ்வொரு பல்லிலும் கடினமான எனாமலும் அதைவிட மெத்தான டென்டினும் அடுத்தடுத்து இருக்கின்றன. மெத்தானது சீக்கிரம் தேய்கிறது, கடினமானது விளிம்பாகத் தூக்கி நிற்கிறது. ஆகவே தேயத் தேய மேற்பரப்பு சொரசொரப்பாகவே இருக்கிறது. ஒரு முனையில் பற்கள் தேய்ந்து தீரும்போது மறுமுனையில் புதுப் பற்கள் முளைத்து நகர்ந்து வருகின்றன. கொத்தவே வேண்டாத அம்மி. உவமையை இன்னும் இழுத்தால் ஓர் இடத்தில் அறுந்துவிடும்: சட்னியில் கல் கிடந்தால் அரைத்தவருக்குத் திட்டு விழும். கிளிமீனுக்குக் கல்லுக்குள்தான் சட்னியே இருக்கிறது.

கிளிமீன் பவளத்தைத் தின்று வாழ்கிறது என்று நெடுங்காலமாக எழுதப்பட்டது. பாறைமேல் படரும் பாசியைத் தின்கிறது என்றும் திருத்திச் சொன்னார்கள். கடிக்கும் இடங்களைக் கூர்ந்து கவனித்த அண்மைக்கால ஆய்வாளர்கள் வேறு விடைக்கு வந்திருக்கிறார்கள். இறந்த பவளக் கல்லின் மேலும், அதைத் துளைத்துக்கொண்டு உள்ளேயும் சயனோபாக்டீரியா முதலிய நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புரதம் மிகுந்த இவற்றைத்தான் மீன் தேடுகிறது. கல்லை உடைக்காமல் அவற்றை எடுக்க முடியாது. அதனால் ஒரு வாய் உணவுக்காக வாய் நிறையக் கல்லை விழுங்குகிறது.

விழுங்கிய கல் கரைந்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. கிளிமீனுக்கு இரைப்பை இல்லை. அமிலம் சுரக்கும் பையே இல்லாததால், தொண்டையில் அரைந்த தூள் நேராக நீண்ட குடலுக்குள் போகிறது. சத்தை மட்டும் குடல் பிழிந்தெடுத்துக்கொள்ள, சுண்ணாம்பு போன மாதிரியே வெளியே வருகிறது. கழிவு என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்: வருவது கழுவி அரைத்த கல்.

அளவு வகைக்கு வகை மாறும். எல்லாக் கிளிமீன்களும் பாறையைத் தோண்டுவதில்லை. பல வகைகள் மேலாகச் சுரண்டுவதோடு சரி. தோண்டும் வகைகளில் நெற்றி புடைத்த பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு 5 டன்னுக்கு மேல் பாறையைத் தின்கிறது என்று ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டில் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஒரு தீவுக்கே கணக்கெடுத்தது எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் பெரி குழு. மாலத்தீவின் பா அடோலில் உள்ள வக்காரு தீவைச் சுற்றி மீன்களை எண்ணி, மணலைச் சலித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு 6,85,000 கிலோ படிவு உண்டாகிறது. கன அளவில் 370 கனமீட்டர். நம் ஊர் மணல் கணக்கில் சுமார் 130 யூனிட், அதாவது மூன்று யூனிட் லாரியில் 43 நடை. அதில் முக்கால் பங்கு மணல் பருமன். தீவைச் சுற்றிய பவளத்திட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள வெளிவிளிம்பு மேடுதான் மணலில் முக்காலுக்கு மேல் தருகிறது. அந்த மேட்டில் உண்டாகும் புது மணலில் 85 சதவீதத்துக்கும் அதிகம் தோண்டும் கிளிமீன்களின் வேலை. இன்னொரு 10 சதவீதம் ஹாலிமீடா என்ற, உடம்பெல்லாம் சுண்ணாம்பு வில்லைகளான கடற்பாசியிலிருந்து வருகிறது. கணக்கெடுத்த காலத்துக்குப் பிறகு வக்காருவிலும் சொகுசு விடுதி வந்துவிட்டது.

மீனின் குடலில் மணலைத் தேடிய வரலாறு சுருக்கமானது. 1836 ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளில் இறங்கிய சார்லஸ் டார்வின், பவளத்தைக் கடிக்கும் மீன்களைப் பிடித்து வயிற்றைக் கிழித்துப் பார்த்தார். குடல் சுண்ணாம்புச் சேற்றால் புடைத்திருந்தது. அவர் ஆறே ஆண்டில் வெளியிட்ட பவளத்திட்டு நூலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. குடலைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இனி, மிகைகள். வெள்ளைக் கடற்கரை எல்லாமே கிளிமீன் கழிவு என்று இணையத்தில் சுற்றும் செய்தி தவறு. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற வைட்ஹேவன் கடற்கரை பாலாய் வெளுத்திருக்கிறது; ஆனால் அது ஏறக்குறைய முழுவதும் சிலிக்கா, எலுமிச்சைச் சாற்றுக்கு அசையாது. பசிபிக் பவளத் தீவுகள் பலவற்றில் மணலின் பெரும்பகுதி ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகளின் ஓடு. ஜப்பானின் தென்கோடித் தீவுகளில் நட்சத்திர மணல் என்று குப்பியில் அடைத்து விற்பதும் அதுதான். வக்காருவின் 85 சதவீதம் வக்காருவின் வெளிவிளிம்பு மேட்டுக்குத்தான் பொருந்தும். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மணலை வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தாலே கலவை தெரிந்துவிடும்: முனை மழுங்காத பால்வெள்ளைச் சில்லுகள், தட்டையான ஹாலிமீடாத் துணுக்குகள், நடுவே சிப்பியின் ரோஜா நிறத் துண்டு ஒன்றிரண்டு.

உண்டான மணல் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. மாலத்தீவில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் மேற்கிலிருந்து வருகின்றன. தீவின் மேற்குக் கரை மணல் சுற்றிக்கொண்டு கிழக்கே போய்ச் சேர்கிறது. வடகிழக்குக் காற்று தொடங்கியதும் திரும்பி வருகிறது. ஜனவரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்த இடத்தில் ஜூலையில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து, தீவு மூழ்குகிறது என்று திரும்பி வந்து சொல்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் கடற்கரை எதிர்ப்பக்கம் போயிருக்கும். விருந்தினர் அறையின் முன்னால் எப்போதும் மணல் வேண்டும் என்பதற்காக விடுதிகள் கட்டும் கல்சுவர்களும் தூண்டில் வளைவுகளும் இந்தச் சுற்றை மறிக்கின்றன. ஒரு பக்கம் மணல் குவிய, மறுபக்கம் கரை அரிக்கிறது. பிறகு கடலடியிலிருந்து பம்பு வைத்து மணலை இறைத்துக் கொட்டுகிறார்கள்.

கடல் மட்டம் உயர்வது மெய். ஆனால் மணல் தீவை மாறாத கல்மேடை என்று எண்ணிக்கொண்டு மூழ்கும் ஆண்டைக் குறித்துக் கொடுப்பது அவசரம். பசிபிக்கின் 27 பவளத் தீவுகளின் பழைய, புதிய வான்படங்களை ஒப்பிட்டு 2010இல் வந்த ஆய்வில், 86 சதவீதத் தீவுகள் பரப்பு மாறாமலோ கூடியோ இருந்தன. இடம் பெயர்ந்தன, வடிவம் மாறின, ஆனால் குறையவில்லை. உயர்வு இன்னும் வேகமானாலும் இப்படியே இருக்கும் என்று அந்த ஆய்வு உறுதி தரவில்லை. மணல் வரத்து நின்றால் இருக்காது என்பது மட்டும் உறுதி.

வரத்து எப்போது நிற்கும் என்பதிலும் ஒரு திருப்பம் உண்டு. 1998இலும் 2016இலும் கடல் சூடேறி மாலத்தீவின் பவளம் பெருமளவில் வெளுத்து இறந்தது. இறந்த கல்லில் நுண்ணுயிர் பெருகும், கிளிமீனுக்கு விருந்து. 2016க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் மணல் உற்பத்தி கூடியதையே அளந்தார்கள். மூலதனத்தை உடைத்துச் செலவு செய்வதால் வரும் பெருக்கம் அது. புதுப் பவளம் வளராவிட்டால் ஒருநாள் அரைக்கக் கல் மிஞ்சாது. மீனே இல்லாவிட்டால் கல் இருந்தும் அரைக்க ஆளிருக்காது. இரவில் பாறை இடுக்கில் அசையாமல் தூங்கும் கிளிமீனைக் கைவிளக்கும் ஈட்டியும் கொண்டு எளிதில் பிடித்துவிடலாம் என்பதால் பல நாடுகளில் பெரிய வகைகள் அருகிவிட்டன. பெலீஸ் நாடு 2009இல் கிளிமீன் பிடிப்பதை அடியோடு தடை செய்தது.