காட்டில் மறைந்த அரங்கன்

1323ஆம் ஆண்டளவில் தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, முதியவராகிய பிள்ளை லோகாசாரியர் அரங்கனின் உற்சவத் திருமேனியுடன் தெற்கே புறப்பட்டார். பெருவழியை நீக்கிக் காட்டுவழியே நடந்தோர்க்கு, மதுரைக்கு அணித்தான ஆனைமலைச் சாரலிலுள்ள ஜோதிஷ்குடி புகலிடமாயிற்று. ஆசாரியர் அங்கேயே உயிர்நீத்தார்.

திருமேனி பல நாடு கடந்து திருமலைக் காட்டையடைந்தது. அடியார் மூவர் அதனுடன் கயிற்றின் துணையால் செங்குத்தான மலைப்பிளவில் இறங்கி, கிழங்கும் கனியும் உண்டு நெடுங்காலம் மறைந்திருந்தனர் எனக் கோயிலொழுகு கூறும். குடிசை கட்டினால் கண்ணிற்படும். பாறையிடுக்கோ காண்பார்க்கு வெறும் பாறையே.

1371இல் கோபணர் திருமேனியை மீட்டுவந்தார். முன்பு கண்டறிந்தோர் அப்போது ஊரில் அரியர். கண்ணொளி இழந்த முதிய வண்ணார் ஒருவரே, திருமஞ்சன ஈரவாடையின் மணங்கொண்டு, நம்பெருமாள் இவரென அறிவித்தாராம். அப்பெயரே இன்றும் வழங்குகின்றது.